ஓட்டையில்லாத பையினூடே ஒட்சிசன் நுழையும் விதம்

வறுத்து இடித்த மிளகாய்த்தூளைப் பொலித்தீன் பையில் இட்டுச் சீல் செய்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. போய்ச் சேர்ந்த பெட்டியில் உடுப்பெல்லாம் தூள் மணம் வீசினால், பையில் எங்கோ ஓட்டை இருந்ததென்றே பலரும் நினைப்பார்கள். உணவுப் பொதியிடல் பற்றிச் சிறு உற்பத்தியாளர்களுக்கு ஆலோசனை கூறும் என்னிடம் கொண்டுவரப்படும் இத்தகைய பைகள் பெரும்பாலும் ஓட்டையற்றவை. மணம் பையின் சுவரினூடாகவே வெளியேறுகிறது. அதே வழியால் உள்ளே வரும் ஒட்சிசன், தூளிலுள்ள எண்ணெயைப் பாண்டலடைய (கெட்டு நாற்றமடிக்க)ச் செய்கிறது.

வாயு முதலில் படலத்தில் கரைந்து, பின் அதனூடே பரவி, மறுபக்கத்தில் வெளியேறுகிறது என்பதை இறப்பர்ப் படலங்களைக் கொண்டு இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் 1866 இல் விளக்கினார். ஆகவே ஊடுபுகவிடும் இயல்பு என்பது கரைதிறன் (எவ்வளவு கரைகிறது), பரவற் குணகம் (எவ்வளவு விரைவாகப் பரவுகிறது) ஆகிய இரண்டினதும் பெருக்கமாகும்.

பொலித்தீன் முழுவதும் ஒரே சீரான பொருளன்று. அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சில இடங்களில் நெருக்கமாக மடிந்து அடுக்கப்பட்டுப் பளிங்குகளாகின்றன. அவற்றுக்கிடையே ஒழுங்கின்றிக் கிடக்கும் சங்கிலிகள் அறை வெப்பநிலையில் ஓயாது அசைந்து, கணநேர இடைவெளிகளைத் திறந்து மூடுகின்றன. பளிங்கினுள் வாயு கரைவதுமில்லை, பரவுவதுமில்லை. ஒழுங்கற்ற பகுதியில் மட்டுமே கரைந்து, பளிங்குகளைச் சுற்றிச் சுற்றியே அது செல்லவேண்டியுள்ளது. பளிங்குப் பங்கு கூடும்போது கரையும் அளவும் குறைகிறது, பாதையும் நீள்கிறது. (பொலிமெதைல்பென்ரீன் என்ற பிளாஸ்ரிக் இதற்கு விலக்கு: அதன் பளிங்குகள் ஒழுங்கற்ற பகுதியைவிட அடர்த்தி குறைந்தவையாதலால் வாயுவுக்கு அவையும் இடங்கொடுக்கின்றன.)

இவ்வேறுபாட்டைக் கையிலேயே உணரலாம். மென்மையாகவும் தெளிவாகவும் இருப்பது பளிங்கு குறைந்த தாழடர்த்திப் பொலித்தீன். கசக்கினால் சரசரத்து, பால்போல் மங்கலாயிருப்பது உயரடர்த்திப் பொலித்தீன். ஒரே தடிப்பில், பின்னது விடும் ஒட்சிசன் முன்னதன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் மாதக்கணக்கில் வைக்கவேண்டிய தூளுக்கு அதுவும் போதாது. வெற்றிடப் பொதியிட்ட பை சில வாரங்களில் தளர்ந்துவிடுகிறதென்று இயந்திரத்தைக் குறைகூறுவோர், பையில் வெறும் பொலித்தீன் மட்டும்தான் உள்ளதா என்று முதலில் பார்க்கவேண்டும். உள்ளே காற்றை அகற்றியதும் வெளியிலுள்ள காற்று நுழைவதற்கான உந்தல் மேலும் கூடிவிடுகிறது.

ஒடியல் மாவின் (உலர்த்திய பனங்கிழங்கு மாவின்) நிலை வேறு. அதற்குப் பெரும்பகை ஈரம். பொலித்தீனில் நீர் மிகச் சொற்பமே கரைவதால், தடித்த பொலித்தீன் பை அதற்கு நன்றாகவே உதவும். நைலோன் இதற்கு நேர்மாறு: ஒட்சிசனைத் தடுக்கும், ஈரத்தை ஏற்கும். அதனால்தான் இரண்டையும் படைகளாக ஒட்டிய பைகள் செய்யப்படுகின்றன. மிளகாய்த்தூளுக்கு அலுமினியத் தகட்டுப் படையுள்ள பையையே நான் பரிந்துரைக்கிறேன். விலை சற்றுக் கூடினும் மணத்தையும் ஒட்சிசனையும் ஒருங்கே தடுப்பது அதுவே.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். 30 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்ந்தால், பொலித்தீனினூடு செல்லும் ஒட்சிசன் ஏறத்தாழ 1.7 மடங்காகும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடுக்கிவைத்த பொதிகளுக்கு, பையின் தடிப்பை இரட்டித்தால் அந்த அதிகரிப்பை ஈடுசெய்யலாம். ஆயினும் தடிப்பு இருமடங்கானால் வாயுவின் வரவு பாதியாகுமேயன்றி நின்றுவிடாது.