பாறணைக்குப் பின்னும் உண்ணாத பிள்ளை: பராமரிப்போருக்குச் சில சொற்கள்

ஐப்பசியில் கந்தசஷ்டி முடிந்து, பாறணைக்குப் பிறகும் சாப்பாட்டுக்குத் திரும்பாத பிள்ளையை அழைத்துக்கொண்டு, கார்த்திகை பிறந்த பின்னரே தாய்மார் என்னிடம் வருகிறார்கள். திருகோணமலையில் உளநல சமூகப் பணியாளராக நான் கண்டவரை, "பக்தி என்றுதானே நினைத்தோம்" என்பதே அவர்களின் முதல் வாக்கியம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருவோர் நோன்பைக் குறித்து இதையே சொல்வார்கள். விரதத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் விரதம் இருப்பவர் பாறணையை எதிர்பார்த்திருப்பார், எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைத் தவிர்க்கும் அனொரெக்சியா என்ற உளநோய் உள்ள பிள்ளையோ பாறணையை நினைத்தே பயப்படும்.

அடுத்த கேள்வி, "நான் வளர்த்ததில்தான் பிழையா?" என்பது. இந்தக் குற்றவுணர்வுக்கு மருத்துவமும் ஒரு காலத்தில் துணைபோனது. 1870களில் இந்நோய்க்கு அனொரெக்சியா நேர்வோசா என்று பெயரிட்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கல், இந்நோயாளரைப் பராமரிக்க உறவினரே மிகவும் பொருத்தமற்றவர்கள் என்று எழுதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர் அதைத் தலைகீழாக்கினர்: நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத இளவயதினருக்குக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட சிகிச்சை கூடுதல் பயன் தந்ததை அவர்களின் 1987ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அம்முறையில் முதலில் பெற்றோர் உணவின் பொறுப்பை முழுதாக ஏற்கிறார்கள்; எடை தேறத் தேற அப்பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது; இறுதியில்தான் படிப்பு, நட்பு, வயதுக்குரிய பிற விடயங்கள் பேசப்படுகின்றன. இதற்குப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்லும்.

பொறுப்பேற்பது என்றால் அதட்டுவது என்று பல தந்தையர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்ணல் கோளாறுகளில் நிபுணரான பேராசிரியர் ஜெனெட் ட்ரெஷர், பராமரிப்போருக்கான பயிற்சியில் அவர்கள் நடந்துகொள்ளும் விதங்களுக்கு விலங்குகளை உவமையாக்கியிருக்கிறார்: முட்டி மோதும் காண்டாமிருகம், பையில் பொத்தி வைக்கும் கங்காரு, தலையைப் புதைத்துக்கொள்ளும் தீக்கோழி. அவர் பரிந்துரைப்பதோ, பக்கத்தில் நீந்தி, தேவையான வேளையில் மட்டும் மெல்லத் தள்ளிவிடும் டொல்பின். டொல்பின் கூட்டத்தைத் தம் கடலிலேயே கண்ட நம்மவருக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

எனினும் நான் அதிகம் காண்பது கங்காருவைத்தான். அழுகைக்குப் பயந்து, தேங்காய்ப்பால் விடாத சொதியைத் தனியாக வைக்கும் அம்மம்மா, தன்னை அறியாமலே பிள்ளைக்கு அல்ல, நோய்க்குத்தான் சமைக்கிறார். தாய் மத்திய கிழக்கில் உழைக்க, தந்தை கடலுக்குப் போக, வீட்டில் தனித்து நிற்கும் அவரை நான் கண்டிப்பதில்லை. மேசையில் என்ன பேசுவது என்பதைச் சேர்ந்து ஒத்திகை பார்க்கிறோம். கலோரி, எடை, தோற்றம் பற்றிய பேச்சு வேண்டாம். "இப்ப கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு" என்ற பாராட்டும், சொல்பவர் அன்போடு சொன்னாலும், அடுத்த வேளைச் சாப்பாட்டைக் கெடுத்துவிடும். "இது உனக்குக் கஷ்டம் என்று தெரியும், நான் பக்கத்தில் இருக்கிறேன், அடுத்த வாய் எடு" என்பது போதும்.

எச்சரிக்கை ஒன்று. நெடுநாள் பட்டினி கிடந்த உடலை ஒரே நாளில் தேற்ற முயன்றால் இரத்தத்தில் பொஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். ஆகவே உணவைக் கூட்டும் வேகத்தை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மயக்கம், கால் வீக்கம், நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கிய நாடித்துடிப்பு ஆகியவற்றைக் கண்டால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உளநல ஆலோசனைக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பிள்ளைக்காக மட்டுமல்ல, தூக்கமிழந்த உங்களுக்காகவும்.

பராமரிப்போரை ஒன்றாக அமர்த்திப் பேசும்போது நான் சொல்வதைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதே எடுபடுகிறது. அடையாளம் தெரியாதபடி ஒன்றை மட்டும் இங்கே தருகிறேன். புதிதாக வந்து அழுதுகொண்டிருந்த ஒரு தாயிடம், பேத்தியைப் பார்க்கும் மூதாட்டி ஒருவர் சொன்னார்: "நான் இப்ப பால் விட்ட சொதிதான் வைக்கிறன் மகள். அவ கத்துவா. முக்கால் மணித்தியாலம் போனாலும் நான் கதிரையை விட்டு எழும்புறதில்லை."