அடைப்புக்குள் கழித்தல் குறியைக் கண்டதும் இடப்பக்கம் ஓடாதீர்கள்

இந்தத் தவணைப் பரீட்சையில் தரம் 11 பிள்ளைகளிடம் வை = (எக்ஸ் − 3)² என்ற சார்பின் பரும்படி வரைபைக் கேட்டிருந்தோம். வளையி இறங்கி மீண்டும் ஏறத் தொடங்கும் திரும்பற் புள்ளியை (3, 0) இல் குறிக்காமல் (−3, 0) இல் குறித்த விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்திருக்கின்றன. படிக்காமல் விட்டதால் வந்த பிழையென்றால் இவ்வளவு எரிச்சல் வந்திராது. இது படித்ததால் வந்த பிழை. ஒரு தாளில் எக்ஸ் இன் பெறுமானங்களாகிய 1, 2, 3, 4, 5 ஆகியவற்றுக்குக் கீழே 4, 1, 0, 1, 4 என்று அட்டவணை சரியாகவே நிரப்பப்பட்டிருந்தது. அப்புள்ளிகளினூடாக வலப்பக்கத்தில் ஒழுங்கான பரவளைவு ஒன்றும் வரையப்பட்டு, பின்னர் அழிறப்பரால் அழிக்கப்பட்டு, அதே வளையி இடப்பக்கத்தில் மீண்டும் வரையப்பட்டிருந்தது. அழித்த பென்சில் கோடு இன்னமும் மங்கலாகத் தெரிகிறது. தன் கையால் கணித்த புள்ளிகளை விட்டுவிட்டு, "கழித்தல் என்றால் இடப்பக்கம்" என்று எங்கோ கேட்ட ஒரு வரியை அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறது.

வெளியே நிற்கும் எண்ணில் எவரும் தடுமாறுவதில்லை. வை = எக்ஸ்² − 3 என்றால் ஒவ்வொரு புள்ளியும் 3 அலகு கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். அடைப்புக்குள் இருக்கும் 3 அப்படி வேலை செய்வதில்லை. அது விடையைத் தொடுவதற்கு முன்னரே, நாம் இடும் பெறுமானத்தைத் தொட்டுவிடுகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வரைபுத்தாள்கூடத் தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு வயல்களில் ஒரே இன நெல்லை விதைக்கிறோம். இரண்டாவது வயலில் மட்டும் 10 நாள் பிந்தி விதைக்கிறோம். முதல் வயலில் விதைத்த நாளிலிருந்து நாட்களை எண்ணினால், 30 ஆம் நாளில் பிந்திய வயலின் பயிர், முந்திய வயலின் பயிர் 20 ஆம் நாளில் நின்ற உயரத்தில்தான் நிற்கும். ஆகவே, பிந்திய வயலின் உயரத்தை அறிய வேண்டுமானால் நாளிலிருந்து 10 ஐக் கழித்துவிட்டு முந்திய வயலின் கணக்கைப் பார்க்க வேண்டும். கழித்தல் குறி வந்தது பிந்தியதனால். பிந்திய வயலின் வளையி 10 நாள் தள்ளி, அதாவது வலப்பக்கத்தில்தான் தொடங்கும். (எக்ஸ் − 3)² என்பதும் எக்ஸ்² ஐ விட 3 அலகு பிந்தி வருவதே: எக்ஸ்² ஆனது 0 இல் எடுத்த பெறுமானத்தை இது 3 இல் எடுக்கிறது, 2 இல் எடுத்ததை 5 இல் எடுக்கிறது.

"உள்ளே எதிர், வெளியே நேர்" என்று ரியூட்டரிகளில் சொல்லிக்கொடுக்கும் சூத்திரம் இதற்கு மருந்தாகாது. காரணம் தெரியாத பிள்ளை பரீட்சைப் பதற்றத்தில் எது உள்ளே, எது வெளியே என்பதையே மாற்றிப்போடுகிறது. வை = (எக்ஸ் − 3)² − 4 இன் வரைபை மேல்நோக்கி 2 அலகு பெயர்த்து வரும் சமன்பாட்டைக் கேட்டபோது, (எக்ஸ் − 1)² − 4 என்று எழுதிய தாள்களும் இருந்தன. திரும்பற் புள்ளி (3, −4) இலிருந்து (3, −2) இற்குப் போகிறது என்பதை ஒரு தடவை எழுதிப் பார்த்திருந்தால், சமன்பாடு (எக்ஸ் − 3)² − 2 என்று தானாக வந்திருக்கும்.

தெறிப்பில், அதாவது ஓர் அச்சைக் கண்ணாடியாக வைத்து வரைபின் பிம்பத்தை எடுப்பதில், நிலைமை இன்னும் மோசம். வை = எக்ஸ்² + 2 ஐ எக்ஸ் அச்சில் தெறிக்கச் செய்தால் −எக்ஸ்² − 2 வரும்; முழுச் சார்பும் குறி மாறுகிறது. பிள்ளைகள் முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றி −எக்ஸ்² + 2 என்று எழுதுகிறார்கள். அதன் திரும்பற் புள்ளி (0, 2) இலேயே நிற்கிறது. எக்ஸ் அச்சைக் கண்ணாடியாக வைத்தால் மேலே 2 இல் இருந்த புள்ளி கீழே −2 இற்குப் போகாமல் எப்படி அதே இடத்தில் நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வை அச்சில் தெறிப்பைக் கேட்டாலும் முன்னால் ஒரு கழித்தல் குறியை இட்டுவிடுகிறார்கள். அங்கே மாற வேண்டியது எக்ஸ் இன் குறி மாத்திரம்: (எக்ஸ் − 3)² ஆனது (−எக்ஸ் − 3)², அதாவது (எக்ஸ் + 3)² ஆகிறது. வகுப்பில் எக்ஸ்² ஐ மட்டும் உதாரணமாகக் காட்டும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வை அச்சில் தெறித்தாலும் அது மாறாத வரைபு ஆதலால், பிள்ளைக்கு விளங்கியதா இல்லையா என்பதை அது மறைத்துவிடும். தயவுசெய்து சமச்சீரற்ற ஒரு சார்பைக் கொடுங்கள்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. அடைப்பு எந்தப் பெறுமானத்தில் பூச்சியமாகிறது என்று முதலில் பாருங்கள்; திரும்பற் புள்ளி அங்கேதான் இருக்கும். வரைந்த பின் ஒரு புள்ளியையாவது சமன்பாட்டில் பிரதியிட்டுப் பாருங்கள். அரை நிமிடம்கூடப் பிடிக்காது, நேரம் போதவில்லை என்று வந்து சொல்ல வேண்டாம். தெறிப்பில் ஐயம் வந்தால் வரைபுத்தாளைப் புரட்டி யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள்: இட வலமாகப் புரட்டினால் வை அச்சில் தெறிப்பு, மேல் கீழாகப் புரட்டினால் எக்ஸ் அச்சில் தெறிப்பு. கைத்தொலைபேசியில் வரைபு வரையும் செயலியான ஜியோஜீப்ரா வைத்திருப்பவர்கள் கையால் வரைந்து முடித்த பிறகே அதைத் திறக்க வேண்டும். முன்கூட்டித் திறந்தால் வரைவது தொலைபேசி, பார்ப்பது நீங்கள்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்க இருப்பவர்களுக்கு இது மேலும் அவசியம், ஏனெனில் அங்கே பெயர்ச்சியும் தெறிப்பும் ஒரே சார்பில் சேர்ந்து வருகின்றன. √(−எக்ஸ்) ஐக் கண்டவுடன் "மறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை" என்று பேனையை மூடிவைக்கிறார்கள். எக்ஸ் மறையாக இருக்கும்போது −எக்ஸ் நேர் என்பது மறந்துபோகிறது. √(3 − எக்ஸ்) ஐ வரையச் சொன்னால், √எக்ஸ் ஐ முதலில் வை அச்சில் தெறிக்கச் செய்துவிட்டு, கூட்டல் 3 தெரிகிறதே என்று இடப்பக்கம் 3 அலகு நகர்த்தி, −3 இல் தொடங்கும் வளையியைத் தருகிறார்கள். தெறிப்பு முதலில் நடந்துவிட்டால், உள்ளே இருப்பதை −(எக்ஸ் − 3) என்று எழுதி, வலப்பக்கம் 3 அலகு நகர்த்த வேண்டும். இடப்பக்க நகர்த்தலையே முதலில் செய்ய விரும்பினால், √(எக்ஸ் + 3) ஐ வரைந்து அதன் பின்னரே தெறிக்கச் செய்ய வேண்டும். இரண்டு வழியிலும் வரைபு (3, 0) இல் தொடங்கி இடப்பக்கமாக விரியும். வரைந்தது அப்படி வரவில்லை என்றால், எக்ஸ் இற்கு −1 ஐ இட்டு, வை 2 ஆக வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த வரைபை அழித்து மீண்டும் வரையுங்கள்.