மாக்மா: பாறைக்குழம்பு

சந்தனக் கட்டையைக் கல்லில் சில சொட்டு நீர்விட்டு இழைத்துப் பாருங்கள். திரண்டு வரும் விழுது விரலில் ஒட்டும்; மெல்ல வழியும்; தேய்த்தால் நுண்துகள் நெருடும். சந்தனக் குழம்பு என்கிறோம். மாக்மா என்ற சொல் பிறந்த இடமும் இதற்கு வெகு அருகில்தான்.

பிசைதல் என்று பொருள்தரும் கிரேக்க வினையிலிருந்து வந்தது அது. பிசைந்து திரட்டியது மாக்மா. லத்தீனில் நறுமணத் தைலத்தின் அடியில் தங்கும் கசடுக்கு அந்தப் பெயர் வழங்கியது. நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறையை 19-ஆம் நூற்றாண்டின் நிலவியலாளர்கள் அப்படி அழைத்தார்கள். நல்ல தேர்வு. உருகிய பாறையோடு படிகங்களும், கரைந்த நீரும், கரியமில வாயுவும் கலந்திருப்பதுதான் மாக்மா. அதன் வெப்பம் சுமார் 700 முதல் 1,300 டிகிரி செல்சியஸ்.

பூமியின் மேலோட்டுக்கு அடியில் நெருப்புக் கடல் அலையடிப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அது தவறு. மேலோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை நீளும் கவசம் என்ற அடுக்கு பெரும்பாலும் திடப்பாறைதான். இதற்குச் சாட்சி நிலநடுக்கம். நிலநடுக்கம் எழுப்பும் அலைகளில், திரவத்துக்குள் நுழைய முடியாத குறுக்கலைகள் கவசத்தை ஊடுருவிச் செல்கின்றன. கவசத்துக்கு அடியிலுள்ள திரவமான வெளிக்கருவை எட்டியதும் நின்றுவிடுகின்றன. கவசத்தின் பாறை மேலெழுந்து அழுத்தம் குறையும்போது அதில் ஒரு பகுதி உருகுகிறது. இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழும் கடல்தட்டு, அதாவது கடலடியின் பாறைப்பலகை, நீரை வெளிவிட்டாலும் பாறையின் உருகுநிலை இறங்கிவிடும். அந்தமானின் பேரன் (Barren) தீவு எரிமலைக்குப் பாறைக்குழம்பு கிடைப்பது இந்த இரண்டாம் வழியில்தான்.

மாக்மாவை 'எரிமலைக் குழம்பு' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. எரிமலை வாயைப் பார்க்காமலே, ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகிவிடும் மாக்மா ஏராளம். நிலத்துக்கு மேலே வழிந்தோடுவது லாவா. எரிமலைக் குழம்பு என்ற பெயர் அதற்கே உரியது. மாக்மாவுக்குப் பாறைக்குழம்பு என்பதே சரி. கற்குழம்பு என்றாலும் குற்றமில்லை. குழை, குழம்பு இரண்டும் உறவுச் சொற்கள். ஆகவே கிரேக்கச் சொல்லின் பிசைதல் பொருள் தமிழிலும் அப்படியே இருக்கிறது. எரிமலைக்கு அடியில் அது தேங்கும் இடத்தைப் பாறைக்குழம்பு அறை என்று தயங்காமல் எழுதலாம்.