ஏரிக்கரையில் 34 பாயிண்ட்

சேலம் அஸ்தம்பட்டியில் காற்றடிக்க வண்டியை நிறுத்தியபோது, "எத்தனை பாயிண்ட் அண்ணா?" என்றான் கடைப் பையன். நான்கு டயருக்கும் 32 வைக்கச் சொன்னேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கி, டிக்கியில் கிடந்த அழுத்தமானியை வால்வில் வைத்துப் பார்த்தேன். முள் 34-ஐ ஒட்டி நின்றது.

பாயிண்ட் என்று கடையில் சொல்வது பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. என் கைப்பேசியின் காற்றழுத்த உணரி காட்டுவதோ ஹெக்டோபாஸ்கல், அதாவது நூறு பாஸ்கல் சேர்ந்த அலகு. பழைய ஆட்கள் மில்லிபார் என்பார்களே, அதுவேதான். பெயர் மட்டும் மாறிவிட்டது. ஒரு பிஎஸ்ஐ ஏறக்குறைய 69 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தில் கைப்பேசி 980 காட்டியது. 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் 850. ஏறியதில் 130 குறைந்திருக்கிறது. அதை 69-ஆல் வகுத்தால் 1.9 பிஎஸ்ஐ.

டயர்மானி உள்ளேயிருக்கும் மொத்த அழுத்தத்தைச் சொல்வதில்லை. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதுதான் அதன் கணக்கு. சேலத்தில் வெளியே 14.2 பிஎஸ்ஐ, ஆகவே டயருக்குள் மொத்தம் 46.2. மலைமேல் வெளியே 12.3 தான், கழித்தால் மீதி 33.9. ஓட்டத்தில் டயர் சூடாவதும் மலைக்குளிரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அலகை மாற்றுவது வெறும் பெருக்கல், வகுத்தல். எந்தப் பூச்சியத்திலிருந்து எண்ணினார்கள் என்று கேட்காமல் பெருக்குவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். மருத்துவர் சொல்லும் ரத்த அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம். சேலத்துக் காற்றின் அழுத்தமோ 735 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே பூச்சியத்திலிருந்து எண்ணினால், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்! அந்த 120 காற்றழுத்தத்துக்கு மேல் எண்ணியது.

980 எப்படி 735 ஆனது? முக்கால் பங்கு எடுத்தேன், அவ்வளவுதான். பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம், புவியீர்ப்பு 9.8, இரண்டையும் பெருக்கினால் 133.3. ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தின் அழுத்தம் இத்தனை பாஸ்கல், அதாவது ஒன்றேகால் ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல்: ஏறக்குறைய மூன்றில் நான்கு. திருப்பிப் போட்டால் முக்கால். இயற்கை நமக்குத் தற்செயலாகக் கொடுத்த சலுகை இது. கடல்மட்டத்துச் சராசரியான 1013.25 ஹெக்டோபாஸ்கலுக்கு முக்கால் போட்டால் பள்ளியில் படித்த 760 வந்துவிடும்.

1648-இல், இந்த அலகுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பிரான்சில் புய் த டோம் மலைமேல் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பாதரசம் சுமார் மூன்று அங்குலம் இறங்கியது. நம் ஏற்காட்டுப் பாதையில் ஏறியிருந்தால் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கும்.

வானிலைச் செய்தியில் சேலத்துக்கு 1010 என்று வந்தால் கைப்பேசியைத் திட்ட வேண்டாம். ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக, கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்து திருத்திய எண் அது. இல்லாவிட்டால் வரைபடத்தில் ஒவ்வொரு மலையும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தெரியும்.

சமையலறையிலும் இதே கணக்குதான். ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, சேலத்தைவிட நான்கு டிகிரி குறைவு. குக்கரின் வெயிட், வெளிக்காற்றுக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு 1,000 ஹெக்டோபாஸ்கலை உள்ளே பிடித்து வைக்கிறது. அதனால் குக்கருக்குள் வித்தியாசம் இரண்டு டிகிரியாகச் சுருங்கிவிடும். துவரம்பருப்புக்கு இன்னும் ஒரு விசில் விட்டால் போதும்.