காய்ச்சலை மறைத்த பையன்

அக்கா டெங்குவில் இறந்து நாலு மாதம் கழித்து அந்த எட்டு வயதுப் பையனை என்னிடம் கூட்டிவந்தார்கள் (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அவனுக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாளாகப் பாத்ரூமுக்குள் போய்ப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறான். ராத்திரி தற்செயலாக அவன் கழுத்தில் கை பட்டபோதுதான் அம்மாவுக்கே தெரிந்திருக்கிறது.

ஏன்டா சொல்லலைன்னு கேட்டதற்கு, "சொன்னா அம்மா அழுவாங்க" என்றான்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் மீதி வெளியே வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முதல் நாள் ரிமோட்டுக்காக இரண்டு பேருக்கும் சண்டை, கோபத்தில் இவன் "நீ செத்துப் போ" என்று கத்தியிருக்கிறான். நாலு மாதமாக அதை யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்திருக்கிறான் அந்தப் பிள்ளை. கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் டெங்கு காய்ச்சல் தெரியும், நீங்கள் சண்டை போட்ட அன்றைக்கே கிருமி அக்கா உடம்புக்குள் இருந்தது என்று காலண்டரில் விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். "அப்போ நான் சொன்னதால இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் இல்லை என்றேன்.

சின்னப் பிள்ளைகள் தாங்கள் நினைத்தது, சொன்னது எல்லாம் பலித்துவிடும் என்று நம்புகிற வயது அது. நாம் வேறு, துக்க வீட்டில் அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "அக்கா தூங்குறா", "சாமிகிட்ட போயிருக்கா" என்கிறோம். தூங்கப் போன அக்கா திரும்பவில்லை என்றால் அந்தப் பிள்ளை எப்படி நிம்மதியாகத் தூங்கும்? இறந்துட்டா, அவ உடம்பு வேலை செய்றது நின்னுடுச்சு, இனிமே வரமாட்டா என்று நேராகச் சொல்லுங்கள், சொல்லும்போது அழுகை வந்தால் அழுங்கள். கடைசியாக முகம் பார்க்கணுமா என்று அவர்களையும் கேளுங்கள்.

சாவு வீட்டில் பிள்ளை விளையாடினால் "கொஞ்சமாவது வருத்தம் இருக்கா பார்" என்று திட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். பிள்ளைகளுக்குத் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும், பத்து நிமிஷம் அழுதுவிட்டுப் பந்தைத் தேடுவார்கள். அப்புறம், "இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களே, அதை எட்டு வயதுப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்ளும். இவன் காய்ச்சலை மறைத்ததும் அதனால்தான்.

திடீரென்று படுக்கையை நனைப்பது, அடிக்கடி வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பது என்று வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "நானும் அக்காகிட்டப் போறேன்" என்று சொன்னால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் இலவச எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாக வந்தபோது அந்த அம்மா என் முன்னாலேயே அவனிடம் சொன்னார்: "உடம்பு சுட்டா முதல்ல என்கிட்ட வாடா. நான் பயப்படுவேன்தான், பயந்துக்கிட்டே பார்த்துக்குவேன்."