இறக்கத்தில் நியூட்ரல்: டீசலும் மிச்சமில்லை, பிரேக்கும் மிச்சமில்லை

தருமபுரியைத் தாண்டி பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்து சேலம் நோக்கி வரும் லாரி, அடுத்ததாகத் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. நான்கு வழிச்சாலை, வழுவழுப்பான பாதை. வளைவுகள் உண்டு, கொண்டை ஊசி கிடையாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பத்தில் எந்த டிரைவரும் வண்டியை உருளவிட மாட்டார். வளைவே அவர் வேகத்தைப் பிடித்து வைத்துவிடும். தொப்பூரில் சாலை விரிந்து கிடப்பதால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடக் கை போகிறது. நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். இருந்தும், 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இதே கணவாயில் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால் இருந்த வாகனங்கள்மீது மோதி உயிர்கள் போயின.

நியூட்ரல் போடுபவர் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது சரியும் அல்ல. ஒரு டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று உரிமையாளர் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். குறைந்தால் டிரைவரின் கையிலிருந்து போகும், மிஞ்சினால் அவருக்கு நாலு காசு. அந்த நெருக்கடியில்தான் இந்தப் பழக்கம் பிறக்கிறது. எனவே டீசல் கணக்கையே முதலில் பார்ப்போம்.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுழற்றுகின்றன. டீசலை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு டீசலே போகாது, ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) ஐடிலுக்கு, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடும் அளவுக்கு, அருகில் இறங்கிய பிறகுதான் மீண்டும் திறக்கும். பழைய வண்டிகளின் இன்லைன் டீசல் பம்பிலும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதே வேலையைச் செய்கிறது. நியூட்ரலிலோ இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். கனரக வண்டி ஐடிலில் மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 8 கிலோமீட்டர் இறக்கத்தை 40 கி.மீ. வேகத்தில் 12 நிமிடத்தில் கடக்க 400 மில்லி செலவு. கியரில் இறங்கினால் அது கிட்டத்தட்ட பூஜ்யம். "கியரில் இறங்கும்போது இன்ஜின் அலறுகிறதே, அது டீசல் குடிக்காமலா?" என்று கேட்பார்கள். அந்தச் சத்தம் சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதால் வருவது, டீசல் எரிவதால் வருவதல்ல.

லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும், உண்மைதான். ஆனால் கணவாயில் எப்படியும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். உருண்டு கிடைத்ததை எல்லாம் பிரேக்கில்தான் எரிக்கப் போகிறோம்.

எவ்வளவு எரிக்கிறோம் என்பதுதான் விஷயம். பாரத்தோடு 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 39 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் கிடைப்பது சுமார் 36 மெகாஜூல். அதாவது, ஒவ்வொரு 100 மீட்டர் உயர இறக்கத்துக்கும் ஒரு லிட்டர் டீசலைக் கொளுத்தியதற்குச் சமமான வெப்பத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கியரில் இறங்கினால் இன்ஜினும், புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினை இறுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதில் பெரும் பங்கைப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். நியூட்ரலில் ஏறக்குறைய மொத்தமும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்முக்குள் போகிறது.

டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால், உள்ளிருந்து டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் அதைத் தொட அதிக தூரம் நகர வேண்டும். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது; அந்தக் காற்றைத் தள்ளுவிசையாக மாற்றும் பிரேக் சேம்பரின் தண்டுக்கு ஓர் அளவுக்கு மேல் நீட்சி கிடையாது. லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கிறது. இதற்கிடையே மிதியை மிதிக்க மிதிக்கக் காற்று செலவாகிறது. இன்ஜினோடு சேர்ந்து ஐடிலில் மெதுவாக ஓடும் காற்றுக் கம்பிரசரால் ஈடுகட்ட முடிவதில்லை. டிரைவருக்குத் தெரிவதெல்லாம் மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை என்பது மட்டுமே. பட்டறைக்கு வரும் இப்படிப்பட்ட வண்டிகளில் டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்து, மயிரிழை வெடிப்புகளோடு இருக்கும். லைனிங் கண்ணாடிபோலப் பளபளக்கும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதப்படும் விபத்துகளில் பிரேக் உதிரிபாகம் எதுவும் உடைந்திராமலே போயிருக்கலாம்.

ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அதுவும் அதே டிரம்மையும் அதே லைனிங்கையும்தான் பிடிக்கிறது. அந்த நேரத்தில் கியருக்குத் திரும்பலாம் என்பதும் நடக்காது. 60 கி.மீ. வேகத்தில் உருளும் வண்டியை மூன்றாம் கியரில் போட இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுழல வேண்டியிருக்கும்; கியர் கரகரக்குமே தவிர விழாது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பிரசரும் நிற்கிறது, பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடுகிறது. இதைவிடப் பயங்கரமான மிச்சம் பிடிப்பு லாரித் தொழிலில் வேறில்லை.

சரி, எப்படி இறங்குவது? வேலை மேட்டிலேயே முடிந்துவிட வேண்டும். இறக்கம் தொடங்குமுன் இடது பக்கம் ஒதுங்கி ஏர் கேஜைப் பாருங்கள். 7 முதல் 8 பார்வரை இருக்க வேண்டும். இன்ஜினை அணைத்து, மிதியை முழுதாக அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். காற்று சீறும் சத்தம் கேட்டாலோ முள் தொடர்ந்து இறங்கினாலோ பழுதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். இறக்கத்தின் நடுவில் எச்சரிக்கை பஸ்ஸர் அடித்தால் அழுத்தம் ஏற்கெனவே 5 பார் அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். காற்று முழுதாகத் தீரும்வரை காத்திராமல் அப்போதே நிறுத்த வேண்டும்.

கியரை அங்கேயே தேர்ந்துகொள்ளுங்கள். ஏறும் கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் விதி. 250, 300 குதிரைத்திறன் உள்ள இன்றைய வண்டிகளுக்கு அது போதாது. இழுக்கும் பலம் கூடியதால் உயர்ந்த கியரிலேயே மேட்டை ஏறிவிடுகின்றன. பிடித்து நிறுத்தும் பலம் அதே அளவுக்குக் கூடவில்லை. ஏறும் கியரைவிட ஒன்று, முழு பாரம் என்றால் இரண்டு கீழே வையுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, மிதியைத் தொடாமல் இருக்கும்போது வேகம் அப்படியே நின்றாலோ மிக மெதுவாக ஏறினாலோ கியர் சரி. ஆர்.பி.எம். உயர உயரத்தான் எக்ஸாஸ்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆர்.பி.எம். மீட்டரின் பச்சைப் பட்டை சாதாரண ஓட்டத்துக்கு உரியது, இறக்கத்தில் அதைத் தாண்டலாம், சிவப்பைத் தொடக்கூடாது.

மிதியில் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது, தட்டித் தட்டியும் மிதிக்கக் கூடாது. முன்னது டிரம்மை ஆறவிடாது, பின்னது காற்றைத் தீர்க்கும். வைத்திருக்க வேண்டிய வேகம் 30 என்றால், 30ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 20க்குக் கொண்டுவந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மீண்டும் 30 வரும்வரை டிரம்முக்கு ஓய்வு.

டீசல் மிச்சம் வேண்டுமென்றால் அது வேறிடத்தில் இருக்கிறது. லோடு ஏற்றும் இடத்தில் 4 மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டால் 8 லிட்டர் போச்சு. மேலே சொன்ன கணக்கில் அந்த அளவு டீசலுக்கு 20 முறை கணவாய் இறங்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 60 கி.மீ. வேகத்தைவிட 80இல் அது சுமார் 1.8 மடங்கு. டயரில் காற்று குறைவு, அடைத்த ஏர் ஃபில்டர், விடாமல் உரசும் பிரேக் ஆகியவையும் நாள் முழுக்க டீசலைத் தின்பவை. உரிமையாளர்கள் மைலேஜை டிரிப்புக்கு ஒரே எண்ணாகக் கேட்காமல் பாரம், வழித்தடம், காத்திருந்த நேரம் பார்த்துக் கணக்கிட வேண்டும். டெலிமேட்டிக்ஸ் (வண்டியின் ஓட்டத்தைப் பதிந்து அனுப்பும் கருவி) உள்ள வண்டியாக இருந்தால் நியூட்ரலில் ஓடிய தூரத்தையும் பாருங்கள். அது அதிகமாக இருக்கும் டிரைவருக்கு மைலேஜ் ஊக்கத்தொகை கொடுப்பது நாமே பிரேக்கைக் கழற்றிக் கொடுப்பதாகும்.

இறங்கி முடித்ததும் சமதளத்தில் கொஞ்சம் ஓடவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் காட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். மற்றவை அனலடிக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்கவே இல்லை, அதன் பங்கையும் மற்றவை சுமந்திருக்கின்றன. பெரும்பாலும், லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கும் அல்லது சேம்பரில் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். அடுத்த மலைக்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.