டிக் விழுந்துவிட்டது, ஆங்கிலம் வந்ததா?

மூடுல் போன்ற இணைய வகுப்புத் தளங்கள் ஆசிரியருக்கு ஒரு பதிவேட்டைத் தருகின்றன. யார் எப்போது நுழைந்தார், எந்த வீடியோவைத் திறந்தார், வினாடி வினாவில் எவ்வளவு வாங்கினார், எல்லாம் அதில் இருக்கும். பெயருக்கு நேரே வரிசையாக டிக் விழுந்திருந்தால் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று ஆசிரியர் நினைத்துக்கொள்கிறார். மாணவரும் அதையே நம்பிவிடுகிறார். வில்லங்கம் அங்கேதான்.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது: இருபது நிமிட வீடியோ இரவு 11.42க்குத் திறக்கப்பட்டிருக்கும். வினாடி வினா 11.46க்கு முடிந்திருக்கும், பத்துக்குப் பத்து. கெடு 12 மணி. பக்கத்தைத் திறந்தாலே 'முடித்தாயிற்று' என்று பதிவாகும்படி ஆசிரியரே அமைத்திருந்தால் மாணவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கற்றலில் ஈடுபாடு என்பதை நடத்தை, உணர்வு, சிந்தனை என மூன்றாகப் பிரித்து 2004இல் ஃப்ரெட்ரிக்ஸ், புளூமன்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூன்று கல்வி ஆய்வாளர்கள் எழுதினார்கள். பதிவேட்டில் தெரிவது பெரும்பாலும் நடத்தை மட்டும். மற்ற இரண்டையும் நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மொழி வகுப்பில் உணர்வுக்குப் பெரிய இடம் உண்டு. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் அறிவாளிப் பிள்ளைகளையும் வாயடைக்க வைக்கும். நேர் வகுப்பில் வாயே திறக்காதவர் சாட் பெட்டியில் கடகடவென்று எழுதுவதைப் பார்க்கலாம். இணைய வகுப்பு தருகிற நல்ல வாய்ப்பு அது. ஆனால் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு ஒரு பருவம் முழுவதையும் ஓட்டிவிடவும் அதே திரை உதவுகிறது.

குரல் பதிவுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் பேசி அனுப்பச் சொன்னால் பலர் எழுதி வைத்து வாசித்து அனுப்புகிறார்கள். கேட்டாலே தெரியும்: தடுமாற்றமே இருக்காது, காற்புள்ளி வந்த இடத்தில் குரல் ஒழுங்காக நிற்கும். அது வாசிப்புப் பயிற்சி, பேச்சு இல்லை. (இப்போது எழுதித் தரவும் ஏஐ இருக்கிறது.) அதே மாணவரிடம், அவர் பதிவிலிருந்தே ஒரு கேள்வி கேட்டு, அரை நிமிடக் குரல் பதில் கேளுங்கள். திக்கித் திணறி வரும், பாதியில் வாக்கியம் உடையும். பரவாயில்லை, அந்தத் திணறல்தான் நமக்கு வேண்டியது. பேச முயலும்போதுதான் தனக்கு எது வரவில்லை என்று கற்பவர் கவனிக்கிறார் என்பது மொழி கற்றலை ஆய்ந்த மெரில் ஸ்வெய்ன் முன்வைத்த கருத்து.

மாணவர்களுக்கு ஒன்று: பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எல்லாம் வந்துவிட்டது போலத் தோன்றும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரின் 2006 ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். அதனால் வீடியோ முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, கேட்டதை நான்கு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வினாடி வினாவுக்குப் போகலாம்.

ஆசிரியர்களும் மதிப்பெண்ணை இடம் மாற்றலாம். விவாதப் பக்கத்தில் 'ஐ அக்ரீ' என்று எழுதிவிட்டுப் போகிறவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்தால், அடுத்த வாரம் எல்லோரும் அதையே எழுதுவார்கள். அங்கே எழுதிய கருத்துக்குப் பாதி, சக மாணவர் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலுக்கு மீதி என்று வைத்துப் பாருங்கள்.